இல்லாத கருவிக்கு ஒரு டிரைவர்

2007 அக்டோபர் 14, ஞாயிறு

காலையிலிருந்து மழை. பின்னேரம் இடி வரும், கரண்ட் போகும். அதுக்கு முன்னாடி எழுதிடணும்.

அக்காவோட பெட்டி நல்லாத்தான் இருக்கு. நேத்து கடையில வச்சுப் பார்த்தேன். கீபோர்ட்டுக்குக் கீழ வைக்கிற நீளப் பெட்டி. மேல நாற்பது கட்டம், கட்டத்துக்கு எட்டு ஊசி. திரையில இருக்கிற வரிக்கு ஏத்த மாதிரி ஊசிகள் எழும்பி பிரெயில் எழுத்தாகும். அக்கா விரலால தடவி வாசிப்பா. அவ படிச்ச கண் தெரியாதவங்க பள்ளிக்கூடத்துக்கு வெளிநாட்டுக்காரர் யாரோ கொடுத்தது, அங்க இருந்து இவளுக்கு வந்தது. பழசு. செஞ்ச கம்பனியே இப்ப இல்லையாம். கூட வந்த சீடி விண்டோஸுக்கு மட்டும்.

வேண்டியது லினக்ஸ். 29ஆந் தேதி திங்கள், கொழும்புல அக்காவுக்கு நேர்முகம். பிரெயில் புத்தகம் அடிக்கிற அச்சகம், தமிழ்ல பிழை பார்க்க ஆள் வேணுமாம். அங்க எல்லா கம்ப்யூட்டரும் லினக்ஸ். இந்த மாதிரிப் பெட்டி ஒண்ணுதான் இருக்கு, அதுல ஏற்கெனவே ஒருத்தர் வேலை செய்றார். போன்லயே தெளிவாச் சொல்லிட்டாங்க: "சொந்த மெஷின் கொண்டு வந்து, அது எங்க கம்ப்யூட்டர்ல ஓடுச்சுன்னா எடுத்துக்கிறோம். இல்லாட்டி இன்னொருத்தர் இருக்காங்க."

லினக்ஸுல இந்தப் பெட்டியோட பேசுற புரோகிராம், அதான் டிரைவர், கிடையாது. தேடிப் பார்த்தாச்சு. உலகத்துல ஒருத்தனும் எழுதல.

ஆக, நான் எழுதணும். இரத்தினபுரியில வாங்கின டிப்ளோமாவுக்கு இப்பத்தான் ஒரு வேலை வந்திருக்கு. மத்த நாளெல்லாம் பெல்மதுளையில நிஸ்தார் நானா கடையில அடுத்தவன் கம்ப்யூட்டர்ல வைரஸ் துடைக்கிறதுதான் பிழைப்பு. (நிஸ்தார் நானான்னு முழுசா எழுத சோம்பல். இனி நி.நா.)

நேத்து செஞ்சது: கடை விண்டோஸ் மெஷின்ல பெட்டியைச் சொருகி, பெட்டியும் கம்ப்யூட்டரும் தங்களுக்குள்ள பேசிக்கிட்டதை அப்படியே பதிவு பண்ணினேன். பக்கம் பக்கமா ஹெக்ஸ் எண்கள், இலக்கமும் இங்கிலீஷ் எழுத்தும் கலந்து. நி.நா. எட்டிப் பார்த்தார்.

"என்னா மகன் இது, லொத்தர் சீட்டு ரிசல்ட்டா?"

வீட்டுக்கு வந்ததும் அக்கா: "ரெண்டும் பேசுறத புடிச்சிட்டியா?"

"புடிச்சிட்டேன்."

"என்னா பேசுதுங்க?"

"இன்னும் வெளங்கல."

"அப்ப புடிக்கல."

இடி. நிப்பாட்டுறேன்.


அக். 16, செவ்வாய்

மழை இல்ல. அட்டை இருக்கு. காலுல ரெண்டு.

கடைக்குப் போறதுக்கு முன்ன பதிவோட உட்கார்ந்தேன். முதல் பகுதி சுலபம். சொருகினதும் கம்ப்யூட்டர் கேக்குது: நீ யாரு, எந்த ஊரு, எத்தனை வாசல் வச்சிருக்க, எவ்வளவு கரண்ட் குடிப்ப. பெட்டி ஒண்ணொண்ணுக்கும் பதில் சொல்லுது. நம்ம ஆளுங்க பஸ்ல பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட கேக்கிற அதே கேள்விகள்.

அதுக்குப் பிறகு வரிக்கு ஒரு பொதி. முன்னுக்கு மூணு பைட், எப்பவும் அதேதான், மாறாது. நாலாவது பைட் ஒவ்வொரு தரமும் மாறுது, ஏன்னு தெரியல. அதுக்குப் பின்னால நாற்பது பைட். பைட்டுக்கு எட்டு பிட், கட்டத்துக்கு எட்டு ஊசி. பிட் ஒண்ணுன்னா ஊசி மேல, சுழியம்னா கீழ. அவ்வளவுதான்!

அக்கா முகம் கழுவிக்கிட்டு இருந்தா. கேட்டேன்.

"க எப்படி?"

"ஒண்ணாவது புள்ளி, மூணாவது புள்ளி."

"ல?"

"ஒண்ணு ரெண்டு மூணு."

"ஆ?"

"மூணு நாலு அஞ்சு. காலங்காத்தால என் பேர வச்சு என்னடா வெளையாட்டு?"

கலா. கணக்குப் போட்டா 05 07 1C. சனிக்கிழமை கடையில நான் அவ பேரை டைப் பண்ணின இடத்தைப் பதிவுல தேடினேன். இருந்துச்சு. 05 07 1C. அம்மா தோட்டத்து லயத்துல நின்னு நாளைக்கு நூறு தரம் கத்துற பேர், ஒரு கம்பிக்குள்ள இப்படி சத்தமில்லாம நடந்து போயிருக்கு.

அதையே பார்த்துக்கிட்டு இருந்ததுல ஓப்பநாயக்க பஸ் போயிருச்சு. நி.நா. மூஞ்சிய தூக்கி வச்சிருந்தார்.

வாங்க: சவர்க்காரம், அம்மாவுக்கு கால்வலித் தைலம், வெத்து சீடி.


அக். 18, வியாழன்

டிரைவர் முதல் வடிவம். கம்பைல் ஆச்சு. சொருகினதும் பெட்டியை அடையாளம் கண்டுச்சு, கேள்வி பதில் எல்லாம் சரி. வரி அனுப்பினா ஊசி ஒண்ணும் அசையல. பிழைன்னும் சொல்லல. பேசாம இருக்கு.

அந்த நாலாவது பைட்தான் காரணம். சுழியம் வச்சேன், நாற்பது வச்சேன். மத்த பைட்டெல்லாம் கூட்டி வச்சேன். அதுவும் இல்ல. அவ பேருக்குக் கூட்டினா 28 வருது, பதிவுல 1E இருக்கு.

அக்கா ரெண்டு கை விரலையும் கட்டங்கள் மேல வச்சுக்கிட்டுக் காத்திருந்தா. கடைசியில, "மையானம் மாதிரி இருக்குடா"ன்னு எழும்பிப் போயிட்டா.

அம்மா சமையல் பக்கமிருந்து: "சனிக்கிழம சரஸ்வதி பூசை. அது முடிஞ்சா எல்லாம் சரியா வரும்."

சரி.


அக். 20, சனி

பூசைன்னு நி.நா. சீக்கிரம் விட்டார். வீட்டுக்கு வந்தேன். படத்துக்கு முன்னால அக்காவோட பிரெயில் புத்தகங்கள், என்னோட புரோகிராமிங் புத்தகம், அம்மாவோட கொழுந்துக் கூடை. நடுவுல பெட்டி. அதுக்கு மேல சந்தனம் குங்குமம்.

ஒரு பொட்டோட நிக்கல. நாற்பது கட்டத்துக்கும் நாற்பது பொட்டு.

அக்காவே வச்சிருக்கா. அம்மா சந்தனத்தைக் கரைச்சுக் கொடுத்திருக்கா, இவ தடவித் தடவி கட்டம் கட்டமா. "ஒரு எழுத்துகூட விடுபடல தம்பி"ன்னு சொல்றப்ப முகம் முழுக்கச் சிரிப்பு.

எடுக்கப் போனேன். அம்மா கையைத் தட்டிவிட்டா. "நாளைக்குக் காலையில பூசை பண்ணி எடுக்கிற வரைக்கும் யாரும் தொடப்படாது."

தெரியும். சின்னதுல இந்த ஒரு நாளுக்காகவே காத்திருப்பேன், படின்னு யாரும் சொல்ல முடியாதுன்னு. இன்னைக்கு உட்கார்ந்து சந்தனம் காயுறதைப் பார்த்துக்கிட்டு இருக்கேன். நடு வரிசைப் பொட்டெல்லாம் ஓரத்துல வெளுத்துருச்சு.

சுண்டல் நல்லா இருந்துச்சு. அதையும் எழுதி வைக்கிறேன்.


அக். 21, ஞாயிறு. விஜயதசமி

இறுகிப் போச்சு. சிமெந்து மாதிரி. ஒரு ஊசியும் அசையாது. கரண்ட் கொடுத்தா உள்ள "ஸ்ஸ்"னு ஒரு சத்தம், அப்புறம் அதுவும் இல்ல. கம்ப்யூட்டர் இப்ப பெட்டியைக் கண்டுக்கவே இல்ல.

கத்தினேன்.

"அம்மா, அது ஊசி வர்ற ஓட்டைம்மா! அதுல போய் சந்தனத்த அப்பி வச்சிருக்கீங்களே!"

"ஏன்டா கத்துற? தேயிலை ஸ்டோர்ல இருக்கிற அத்தன மெஷினுக்கும் வருசா வருசம் பூசுறோம். ஓடலயா? தொரையோட ஜீப்புக்குப் பூசுறோம். ஓடலயா?"

ஓடுதுதான்.

அக்கா காஞ்ச பொட்டுகள் மேல விரல் வச்சபடியே இருந்தா. நான் மூச்சு வாங்க நிப்பாட்டினதும், "கத்தி முடிஞ்சிச்சா? முடிஞ்சா ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டா."

திறந்தோம். நல்ல வேளை, ஒவ்வொரு கட்டமும் தனித்தனித் துண்டு, இழுத்தா வருது. கட்டத்தைக் கழட்டி, ஸ்பிரிட்ல நனைச்சு, ஊசி ஊசியா சுத்தம் பண்ணி, காய வச்சுத் திரும்பப் போடணும். டிஸ்பென்சரியில ஸ்பிரிட் வாங்கிட்டு வந்தேன். அக்கா பஞ்சு வேணாம்னுட்டா, நூல் நிக்குமாம். அம்மாவோட பழைய பட்டுச் சேலைத் துண்டு.

நான் ஒண்ணு செஞ்சு பார்த்தேன், ஊசியை வளைச்சுட்டேன். கையிலிருந்து பிடுங்கிக்கிட்டா.

"நீ தள்ளு. இது கண்ணுல பாக்கிற வேலை இல்ல. சனிக்கிழமைக்குள்ள முடிப்பேன்."

"அது வரைக்கும் நான் டிரைவரை எதுல போட்டுப் பார்க்கிறது?"

"அது ஒன் பிரச்சினை."


அக். 22, திங்கள்

நாள் முழுக்கக் கடையில இன்டர்நெட். கஸ்டமர் ரெண்டு பேரைக் காக்க வச்சுட்டேன்.

கிடைச்சது: லினக்ஸ் கெர்னலுக்குள்ளயே, அதோட நடு மூளைக்குள்ளயே, ஒரு பொய் யூஎஸ்பி வாசல் இருக்கு. வெளியில ஓட்டை கிடையாது, கம்பி கிடையாது. கெர்னலைப் பொறுத்தவரை அதுவும் ஒரு வாசல். அந்த வாசலுக்கு அந்தப் பக்கம் நம்ம ஒரு சாதாரண புரோகிராமை உட்கார வைக்கலாம். கெர்னல் "நீ யாரு"ன்னு கேட்டா, புரோகிராம் பெட்டி மாதிரியே பதில் சொல்லணும். பதில் எல்லாம் என்கிட்ட இருக்கு. பதிவு பண்ணினதுல அப்படியே இருக்கு.

பெட்டி செத்துக் கிடக்கு. அது பேசினது இருக்கு.

நி.நா.கிட்ட சொல்லிப் பார்த்தேன்.

"இல்லாத சாமானுக்கா வேல பாக்கிற? அப்ப இல்லாத சம்பளம்தான் மகன் தருவேன்."

"இல்ல நானா, இது வேற..."

"ஹரி ஹரி, சரி வெச்சுக்குவம். அது இல்லன்டு கம்ப்யூட்டருக்கு வெளங்காதா?"

"அது கேக்கிற எல்லாக் கேள்விக்கும் சரியாப் பதில் சொன்னா, அதுக்கு இருக்குன்னுதான் அர்த்தம்."

கொஞ்சம் யோசிச்சார். "பேங்க்ல லோன் கேட்டுப் போறவன் மாதிரி இரிக்கே."

கெர்னலோட மூல நிரலை சீடியில அடிச்சுக்கிட்டு வந்தேன். வீட்டு மெஷின் கம்பைல் பண்ணத் தொடங்கியிருக்கு. ஊர்ந்துக்கிட்டுப் போகுது. கரண்ட் போகாம இருக்கணும்.


அக். 23, செவ்வாய்

வந்துருச்சு!

கடைக்கு லீவு. காலையில ஆறேழு தரம் சறுக்கல். கெர்னல் கேட்ட நீளத்தை விட நான் கூடச் சொல்லிட்டேன், அது கோவிச்சுக்கிட்டு வாசலை மூடிருச்சு. திருத்தினேன். திரும்ப மூடுச்சு. ஒரு பைட் தள்ளி வச்சிருந்தேன். திருத்தினேன். திடீர்னு கெர்னலோட பதிவேட்டுல ஒரு வரி: புதிய யூஎஸ்பி கருவி. கீழ கம்பனி எண். கீழ பெட்டியோட பேர். என் டிரைவர் தானாவே எழும்பிப் போய் அதைப் பிடிச்சுக்கிச்சு.

மேசையில என்ன இருக்கு? ஒரு கோப்பை தேத்தண்ணி, உடைஞ்ச எலிப் பொறி. அவ்வளவுதான். மெஷின் பின்னால கையை விட்டுத் தடவிக்கூடப் பார்த்தேன், வெக்கக்கேடு. எல்லா வாசலும் காலி. இந்தக் கெர்னலை எழுதினவனுங்க எத்தனையோ ஆயிரம் பேர், ஒருத்தனையும் எனக்குத் தெரியாது. அதுல ஒருத்தன், கையில கருவி இல்லாதவனும் வேலை பார்க்கணும்னு நினைச்சு இப்படி ஒரு வாசலை வச்சிட்டுப் போயிருக்கான். ஓப்பநாயக்கப் பக்கம் ஒரு லயக் காம்பராவுல ஒருத்தன் அதைத் திறப்பான்னு அவனுக்குத் தெரியுமா?

அக்கா கதவோரம் பாயில உட்கார்ந்து ஊசி துடைச்சுக்கிட்டு இருந்தா.

"ஏன்டா தனியா சிரிக்கிற?"

"பெட்டி வந்துருச்சுக்கா."

"என் மடியிலதானே இருக்கு."

"இன்னொண்ணு. இல்லாத ஒண்ணு. கெர்னல் நம்பிருச்சு."

கையை நீட்டினா. "குடு, நானும் நம்புறேன்."

கொடுக்க ஒண்ணும் இல்ல. அது திரையில மட்டும்தான். புரோகிராம் தனக்கு வர்ற ஊசிக் கணக்கைப் புள்ளியா வரையுது. நான் கண்ணால பார்க்கலாம், அவளால முடியாது. அவளுக்காகச் செய்றதை அவளைத் தவிர எல்லாரும் பார்க்கலாம். அவ சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல.

பின்னேரம் பிரெயில் படிச்சேன். வேற வழியில்ல, சரியா வருதான்னு நான்தானே வாசிச்சுப் பார்க்கணும். ஒரு வரிக்கு எனக்குப் பத்து நிமிசம்.

"ஒண்ணு, ரெண்டு, நாலு..."

"சத்தமாச் சொல்லாத, எரிச்சலா வருது. எட்டு வயசுல நான் இத விட வேகமா வாசிச்சேன்."

தன்னோட புத்தகத்தை எடுத்து வச்சு ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டினா. வலது கை இந்த வரி முடிக்கிறதுக்குள்ள இடது கை அடுத்த வரிக்குப் போயிருது. விரலு நிக்கவே இல்ல. பிறந்ததுல இருந்து ஒரே வீடு, ஒரே காம்பரா. இன்னைக்குத்தான் பார்க்கிறேன்.


அக். 24, புதன்

நாலாவது பைட் பிடிபட்டுருச்சு.

இது வரைக்கும் அனுப்புறவன் பக்கத்துல இருந்தே யோசிச்சிருக்கேன். இன்னைக்குப் பெட்டி பக்கத்து நிரலை எழுதணும். பொதி வருது, நான்தான் பெட்டி. முதல் மூணு பைட், சரி. நாலாவது, எனக்கு இது எதுக்கு? நான் ஒரு சின்ன சிப். கம்பி நீளம், இடி மின்னல், வழியில ஏதாவது கெட்டிருக்கலாம். வந்த நாற்பதும் அனுப்பின நாற்பதுதானான்னு எனக்கு எப்படித் தெரியும்? கூட்டிப் பார்க்கலாம். ஆனா அதை விட எளிசா, சிப்பு தூங்கிக்கிட்டே செய்யக் கூடிய கணக்கு ஒண்ணு இருக்கே. ரெண்டு பிட்டும் ஒரே மாதிரி இருந்தா சுழியம், வேற வேறன்னா ஒண்ணு. எக்ஸார்.

05, 07: 02. அதோட 1C: 1E.

1E!

பதிவுல இருந்த அத்தனை பொதியையும் என் பொய்ப் பெட்டிக்குள்ள ஓட்டினேன். எல்லாம் பொருந்துச்சு, ஒண்ணு விடாம. அப்ப வியாழக்கிழமை பெட்டி என்னைக் கண்டுக்காம இருக்கல. நான் அனுப்பினது கெட்டுப் போன வரின்னு நினைச்சு, தப்பா எழுத்துக் காட்டுறதை விடச் சும்மா இருக்கலாம்னு இருந்திருக்கு. செஞ்ச கம்பனியே மூடிப்போச்சு, அவங்க எடுத்த கவனம் இன்னும் வேலை செய்யுது.

கடைக்குப் பிந்தினேன். நி.நா. சம்பளத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லல. "வந்துட்டா?"ன்னு மட்டும் கேட்டார். "வந்துட்டு நானா"ன்னேன். சாப்பிட ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தார்.


அக். 25, வியாழன்

வரி போய்க்கிட்டு இருக்கிறப்ப பெட்டியைப் பிடுங்கினா என்ன ஆகும்? பொய்ப் பெட்டிதானே, புரோகிராமை நிப்பாட்டினாப் போதும், பிடுங்கின மாதிரி.

நிப்பாட்டினேன். மெஷின் மொத்தமா உறைஞ்சிருச்சு. மவுஸ் அசையல.

பெட்டி போன பிறகும் என் டிரைவர் அதோட மெமரியில எழுதப் போயிருக்கு. இடிச்சுப் போட்ட வீட்டுக்குத் தபால் கொடுக்கப் போன மாதிரி. கொழும்புல யாராவது கம்பியில கால் தடுக்கியிருந்தா அச்சகத்து மெஷினையே படுக்க வச்சிருப்பேன். திருத்தினேன். பிடுங்கு, சொருகு, பிடுங்கு. நிஜப் பெட்டின்னா சொருகுற வாய் தேஞ்சிருக்கும். இது தேயாது.

அக்கா பாதிக்கு மேல முடிச்சிட்டா. விரல் நுனியெல்லாம் ஸ்பிரிட்டுல வெளுத்து சுருங்கிக் கிடக்கு. வாசிக்கிற விரல். கொஞ்சம் விடுக்கான்னேன். "நீ ஒன் இல்லாததப் பாரு"ன்னா.


அக். 27, சனி

சேர்த்தாச்சு. மூணு கட்டம் பிழைக்கல. நான் வளைச்சதும் அதுல ஒண்ணு. அக்கா ஒவ்வொண்ணையும் நகத்தால தட்டிப் பார்த்து, அந்த மூணையும் வலது கோடியில போட்டிருக்கா. "வரி கொஞ்சம் கட்டையா இருந்தா என்னா. நடுவுல பல்லு விழுந்தாத்தான் அசிங்கம்." டிரைவர்ல வரி நீளத்தை முப்பத்தேழாக் குறைச்சேன்.

சொருகினேன். அம்மா கும்பிட்டுக்கிட்டே பின்னால நிக்கிறா, கிட்ட வரல.

டிரைவர் ஒரு நொடிகூட யோசிக்கல. நிஜத்துக்கும் பொய்க்கும் அதுக்கு வித்தியாசமே தெரியாது. பொய்ப் பெட்டியை எப்படிப் பிடிச்சுச்சோ அப்படியே. ஒரு வரி அனுப்பினேன். ஊசிகள் எழும்புற சத்தம், தகரத்துல முதல் தூறல் விழுற மாதிரி.

அக்கா விரலை வச்சா. வாசிச்சா.

"'பெட்டிக்கு சந்தனம் பூசக் கூடாது.' செருப்பால அடிப்பேன்டா ஒன்னை."

அம்மாவும் சிரிச்சா. பெட்டியில இன்னும் சந்தன வாசம்.


அக். 29, திங்கள்

முதல் பஸ். மழை இல்ல. அவிசாவளை தாண்டி சோதனைச் சாவடி, எல்லாரும் இறங்கு. அடையாள அட்டை. சிப்பாய் ஒருத்தன் பெட்டியைத் திறக்கச் சொன்னான். கம்பி, ஊசி. குண்டுன்னு நினைச்சா முடிஞ்சுது. அக்கா சிங்களத்துல நிதானமா, கண் தெரியாதவங்க வாசிக்கிற மெஷின், வேலைக்குக் கொண்டு போறேன்னா. பொடியன், இருபது வயசு இருக்காது. மெதுவா மூடிக் கொடுத்துட்டு "பவ்"ன்னான், பாவமாம். பஸ்ல ஏறினதும் அக்கா: "அவன்தான்டா பாவம். நாள் பூரா வெயில்ல நிக்கிறான்."

அச்சகம். பொறுப்பாளருக்கும் கண் தெரியாது. வயசானவர், நறுக்குன்னு பேசுறார். "மெஷினைப் போடுங்க தம்பி."

டிரைவர் ஏறல! அவங்க கெர்னல் வேற பதிப்பு. மூல நிரல் கொண்டு போயிருந்தது நல்லதாப் போச்சு, அங்கேயே உட்கார்ந்து கம்பைல் பண்ணினேன். பொறுப்பாளர் விரலால மேசையைத் தட்டிக்கிட்டே இருந்தார். ஏறுச்சு. ஊசி எழும்புச்சு.

சோதனைக்கு ஒரு பக்கம், பள்ளிக்கூடப் புத்தகத்துல இருந்து. வேணும்னே பிழை போட்டு வச்சிருக்காங்களாம், கண்டுபிடிக்கணும். அக்கா வாசிச்சுக்கிட்டே சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டினார். கடைசி வரிக்குக் கிட்ட ஒரு இடத்துல நின்னா.

"இதுல புள்ளி ஒண்ணு கொறையுது. 'ள'வுக்குப் பதிலா வேற என்னமோ நிக்குது."

"அங்க நாங்க பிழை போடலயேம்மா," பொறுப்பாளர்.

ஒரு புள்ளி. ஒரு பிட். என் டிரைவர்ல ஒரு பிட் விழுந்திருந்தா? இல்ல அந்தக் கட்டத்துல ஒரு ஊசி எழும்பலன்னா? எதுவா இருந்தாலும் அவ பிழை இல்ல, ஆனா அவ வேலை போயிரும்.

"மெஷினோ என்னமோ..." நான் வாயைத் திறந்தேன்.

"மெஷின் இல்ல," அக்கா. "அதே கட்டத்துல மேல் வரியில எல்லாப் புள்ளியும் ஒழுங்கா வந்துச்சு. எழுத்துலதான் பிழை."

பொறுப்பாளர் எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து அச்சடிச்ச புத்தகத்தையே எடுத்துக்கிட்டு வந்தார். பிள்ளைங்க கைக்குப் போன புத்தகம். அந்தப் பக்கத்தைத் தேடி, விரலை ஓட்டினார். திரும்ப ஓட்டினார். மூணாம் தரம் ரொம்ப மெதுவா.

"அச்சுலயும் இருக்கு"ன்னார். "நான்தான் பிழை பார்த்து அனுப்பினது."

பிறகு அவர் பெட்டி மேல கை வச்சு, எழும்பி நின்ன ஊசிகளை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் தடவினார்.

"எப்ப வரலாம் நீங்க?"

அக்கா பெட்டியோட கம்பியைச் சுத்தி வச்சுக்கிட்டே கேட்டா: "தங்குறதுக்கு இடம் பாக்கணும் சார். பாத்துட்டு வாற திங்கள் வரவா?"